புண் என்ற சொல்லும் வெற்றிடக் கட்டும்

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்புரிமை வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கின் பொருள் மருத்துவக் கருவி ஒன்று. ஆனால் தீர்ப்பின் முக்கியமான முடிச்சு சொற்பொருள் சார்ந்தது. காப்புரிமை ஆவணத்தில் ‘வூண்ட்’ என்று வரும் ஆங்கிலச் சொல் எவற்றையெல்லாம் குறிக்கும்? தோலில் நேர்ந்த சிதைவை மட்டுமா, அல்லது உள்ளே குழாய்போல ஓடும் ஃபிஸ்டுலாவையும் சீழ் தேங்கிய பைகளையும் சேர்த்தா? ஆவணம் தரும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் தோற்புண்களே. ஆகவே பிந்தியவற்றைச் சேர்ப்பது அச்சொல்லை ஆவணத்தின் எல்லைக்கு வெகுதொலைவு அப்பால் இழுப்பதாகும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த ஒரு வரையறையால் வெற்றிடக் கட்டின் முன்வரலாற்றில் கணிசமான பகுதி சட்டத்தின் பார்வையிலிருந்து நீங்கியது.

வெற்றிடக் கட்டு என்பது இன்று பெரிய மருத்துவமனைகளில் ஆழ்ந்த புண்களுக்கு வழக்கமாக இடப்படும் ஒன்று. அழுகிய திசுவை அகற்றிய பின் குழியில் நுரைப்பஞ்சோ காஸ் துணியோ வைத்து நிரப்புவர். அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலத்தைச் சுற்றுத்தோலோடு காற்றுப்புகாமல் ஒட்டுவர். படலத்தில் சிறு துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் காற்றை வெளியேற்றும் இயந்திரத்தோடு இணைப்பர். இயந்திரம் ஓடியதும் பஞ்சு சுருங்கி இறுகும். புண்ணின் விளிம்புகள் நெருங்கும். ஊறும் நீர் குழாய்வழி கலத்தில் சேரும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டைப் பிரித்தால் அடியில் சிவந்த புதுச்சதை துளிர்த்திருக்கும். தோல் ஒட்டுவதற்கோ தையலிடுவதற்கோ அந்தச் சதைதான் நிலம்.

இங்கே செயற்படுவது ‘உறிஞ்சும் விசை’ என்று சொல்வது பேச்சு வழக்கு மட்டுமே. இயற்பியலில் அப்படியொரு விசை இல்லை. டாரிசெல்லி 1643இல் பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காட்டிய நாள் முதல் அறியப்பட்டதுதான்: வளிமண்டலம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டிருக்கிறது. படலத்தின் உட்புறத்தில் 125 மில்லிமீட்டர் குறைத்தால், வெளிக்காற்று அந்த 125இன் அளவுக்குப் படலத்தையும் பஞ்சையும் புண்ணின்மீது தள்ளும். உறிஞ்சுவதாகத் தோன்றுவது உண்மையில் அழுத்துவது. இந்தச் சொற்குழப்பம் பின்னால் மருத்துவர்களையே தடுமாறச் செய்தது.

இம்முறையின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் பண்டைய கொம்பு வைத்தலிலிருந்து தொடங்குகின்றன. சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் 13ஆம் அத்தியாயம் குருதி வாங்குவதற்கு மூன்று வழிகளைக் கூறுகிறது: மாட்டுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுவை. மெல்லிய படலம் கட்டிய கொம்பை வாயால் உறிஞ்ச வேண்டும். சுரைக்குடுவைக்குள் விளக்கை எரியவைத்துக் கவிழ்க்க வேண்டும். முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தரும் செய்தியோ வியப்பூட்டும் அளவுக்கு இதை ஒத்தது. அவரிடமும் இருவகைக் கலங்கள் உண்டு. வெண்கலக் கலத்தில் எரியும் திரியை இட்டுக் கவிழ்ப்பர். கொம்புக் கலத்தில் சிறு துளைவழியே வாயால் காற்றை இழுத்து மெழுகால் அடைப்பர். நெருப்பு, வாய் என இரண்டே உத்திகள். இரு நாகரிகங்களும் இரண்டையும் அறிந்திருந்தன.

நச்சுக்கடியிலும் இதே ஒற்றுமை தொடர்கிறது. கடிவாயை உறிஞ்சுபவர் தம் வாயில் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சுசுருதம். உறிஞ்சுபவரின் ஈறிலோ அண்ணத்திலோ புண் இருத்தலாகாது என்கிறார் செல்சஸ். உறிஞ்சும் வாயின் நலமும் மருத்துவத்தின் கவலையாக இருந்திருக்கிறது. ஐரோப்பியப் படைமுகாம்களில் வீரர்களின் காயங்களை வாயால் உறிஞ்சும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு வரை நீடித்தது. பிரெஞ்சுப் படை அறுவை மருத்துவர் தொமினிக் அனெல் 1707இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, மனித வாயைப் பயன்படுத்தாமல் காயங்களை உறிஞ்சும் கலை என்ற பொருள் தருவது. அவர் வாயின் இடத்தில் ஒரு பீச்சுக்குழலை வைத்தார்.

ஆயினும் இவற்றை வெற்றிடக் கட்டின் மூதாதையராகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். கொம்பும் குடுவையும் குருதியையோ நஞ்சையோ வெளியே கொணர்வதற்கானவை. நிமிடக் கணக்கில் முடிந்துவிடுபவை. ஆறாத புண்ணைக் குறையழுத்தத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தால் சதை வளரும் என்ற எண்ணம் அவற்றில் இல்லை. கருவி ஒத்திருப்பதால் கருத்தும் ஒத்தது என்று கொள்வது, ஒலி ஒத்த இரு சொற்களை ஒரே வேரினவாகக் கொள்வது போன்றது.

கருத்தளவில் முதலில் நெருங்கி வந்தவர் ஜெர்மானிய மருத்துவர் அகஸ்ட் பியர். குருதிப் பெருக்கமே குணமாக்கும் என்பது அவர் கொள்கை. 1903இல் வெளியான அவர் நூல் அதை விளக்கியது. அவரும் ருடால்ஃப் கிளாப்பும் ரப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் கிண்ணங்களைக் கட்டிகள்மீதும் சீழ்ப்புண்கள்மீதும் கவிழ்த்து, அவ்விடத்துக்குக் குருதியை வரவழைத்தனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அந்த முறை மங்கிவிட்டது.

அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று தனித்தனி வளர்ச்சிகள் நிகழ்ந்தன, ஒன்றையொன்று அறியாதவை. 1954இல் பிரான்சில் ஆன்ரி ரெடோனும் உடன் பணியாற்றியோரும் அறுவைக்குப் பின் தோலடியில் தேங்கும் நீரை, காற்று நீக்கிய புட்டியோடு குழாயை இணைத்து வடிக்கும் முறையை வெளியிட்டனர். 1962இல் ஜார்ஜ் வின்டர், பன்றித்தோலில் ஈரப்பதத்தோடு மூடிவைத்த புண், காற்றில் உலரவிட்ட புண்ணைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாகத் தோல் மூடுவதைக் காட்டினார். புண் உலர வேண்டும் என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. 1970களில் மெல்லிய பாலியூரித்தேன் ஒட்டுப்படலங்கள் மருத்துவமனைகளுக்கு வந்தன. வடிகுழாய், ஈரம் காக்கும் மூடல், காற்றுப்புகாப் படலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வெற்றிடக் கட்டு கிடைத்துவிடும். அவற்றைச் சேர்த்தவர் யார் என்பதில்தான் வழக்கு.

சோவியத் ஒன்றியத்தில் தாவிதோவ் முதலிய அறுவை மருத்துவர்கள் 1980களின் பிற்பாதியில் சீழ்ப்புண்களுக்கும் பாலூட்டும் தாய்மாரின் மார்புச் சீழ்க்கட்டிகளுக்கும் வெற்றிட மருத்துவம் செய்து, நுண்ணுயிர் குறைவதையும் புண்ணின் உயிரணு மாற்றங்களையும் ஆராய்ந்து, ருஷ்ய அறுவை மருத்துவ இதழ்களில் எழுதினர். அவை ருஷ்ய மொழியில் இருந்தமையால் மேலை மருத்துவமனைகளில் படிக்கப்படவில்லை.

1989இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சாரிக்கர் என்ற அறுவை மருத்துவரும் கேத்தரின் ஜீட்டர் என்ற செவிலியரும் மற்றிருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வயிற்று அறுவையின் பின் தையல் பிரிந்து, திறந்த காயத்துக்குள் குடல்நீர் வழியும் நோயாளிகள் அவர்கள் கவனத்துக்குரியவர்கள். அத்தகைய நிலையைக் கையாண்டோர்க்கு அதன் கொடுமை தெரியும்: குடல்நீர் சுற்றியுள்ள தோலை அரிக்கும், எந்தக் கட்டும் சில மணி நேரம்கூட நில்லாது. அவர்கள் ஈரக் காஸ் துணியில் தட்டை வடிகுழாயைப் பொதிந்து, மேலே படலம் ஒட்டி, மருத்துவமனைச் சுவரிலுள்ள உறிஞ்சு குழாயோடு 60 முதல் 80 மில்லிமீட்டர் அளவில் இணைத்தனர். ஜீட்டர் குடல்வாய்ப் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர். அழுக்கும் ஈரமும் மிகுந்த தோலில் பசை ஒட்டவைப்பது அத்துறையினரின் அன்றாட வேலை. இந்த வரலாற்றில் கருத்தைவிடக் கைத்திறன் முன்னே சென்ற கட்டம் இது எனலாம்.

ஜெர்மனியின் உல்ம் நகரில் விம் ஃபிளைஷ்மனும் குழுவினரும் 1993இல் எலும்பு முறிந்து வெளித்தெரியும் 15 நோயாளிகளில் பாலிவினைல் ஆல்ககால் நுரையைப் பயன்படுத்திய அனுபவத்தை எழுதினர். (இதே ஃபிளைஷ்மன் பிற்காலத்தில் புண்ணில் புழுக்களை விட்டு அழுகல் நீக்கும் பழைய முறைக்குப் புத்துயிர் ஊட்டியவர்களில் ஒருவர்.)

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் லூயிஸ் ஆர்ஜென்டா, மைக்கேல் மோரிக்வாஸ் ஆகியோர் செய்தது மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது: அவர்கள் அளந்தார்கள். பன்றிகளின் ஆழ்ந்த புண்களில் வெவ்வேறு அழுத்தங்களை இட்டு, லேசர் டாப்ளரால் குருதியோட்டத்தைக் கணித்தனர். 125 மில்லிமீட்டரில் ஓட்டம் நான்கு மடங்கானது. 400ஐ எட்டியபோது தடைப்பட்டது. தொடர்ந்து அழுத்தம் கொடுத்தபோது புதுச்சதை வளர்ச்சி 63.3 விழுக்காடும், விட்டுவிட்டுக் கொடுத்தபோது 103.4 விழுக்காடும் கூடுதலாயிற்று. 300 மனிதப் புண்களில் 296 நல்ல பலன் கண்டன என்றனர். இவ்விரு கட்டுரைகளும் 1997 ஜூனில் ஓர் ஒட்டறுவை மருத்துவ இதழில் வெளியாயின. அதே மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. சான் அன்டோனியோவின் கே.சி.ஐ. நிறுவனம் உரிமம் பெற்றுக் கருவியை உலகெங்கும் கொண்டுசென்றது. வி.ஏ.சி. என்ற அதன் வணிகப் பெயர் இந்திய மருத்துவமனைகளில் ‘வேக்’ என்று பொதுப்பெயராகவே ஆகிவிட்டது.

கலிஃபோர்னியா மாநிலத்தின் புளூஸ்கை என்ற சிறு நிறுவனம், சாரிக்கரும் ஜீட்டரும் காட்டிய காஸ் துணி வழியில் மலிவான கருவியை விற்கத் தொடங்கியதும் கே.சி.ஐ. 2003இல் வழக்குத் தொடுத்தது. புளூஸ்கையின் வாதம் இரு முனைகள் கொண்டது: தாங்கள் செய்வது வேறு, மேலும், காப்புரிமை கோரப்பட்ட கருத்து ஏற்கெனவே உலகில் இருந்தது. இரண்டாம் முனைக்கு மூதாதையர் தேவைப்பட்டனர். எனவே ருஷ்யக் கட்டுரைகள் தேடி எடுக்கப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டன. 2004இல் புளூஸ்கையின் வெளியீடாகவே அவை நூலுருப் பெற்றன. நூலின் பெயர் ‘கிரெம்ளின் தாள்கள்’. பொது இதழ்களில் எவரும் படிக்கக்கூடியவாறு வெளிவந்த கட்டுரைகளுக்கு அரண்மனை இரகசியத்தின் மணத்தை ஊட்டிய பெயர் அது. இன்று மருத்துவக் கட்டுரைகள் பலவும் அப்பெயரை நடுநிலையான வரலாற்றுச் சொல்லாக எடுத்தாளுகின்றன.

2006இல் டெக்சாஸ் ஜூரியினர் இரு தரப்புக்கும் பாதிப்பாதி கொடுத்தனர்: காப்புரிமை செல்லும், ஆனால் புளூஸ்கை அதை மீறவில்லை. 2007இல் ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனம் புளூஸ்கையை வாங்கியது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூரியின் முடிவை உறுதிசெய்தபோதுதான் ‘வூண்ட்’ பற்றிய வரையறை வந்தது. ஃபிஸ்டுலா புண்ணன்று எனில், ஃபிஸ்டுலாவிலிருந்து வழியும் நீரை அகற்றியவர்கள் புண்ணை ஆற்றியவர்கள் ஆகார். சாரிக்கர், ஜீட்டர் ஆகியோரின் பணி முன்னோடி என்ற தகுதியை இவ்வாறு இழந்தது.

இத்தீர்ப்பைத் தமிழிலோ சமஸ்கிருதத்திலோ எழுதியிருக்க முடியுமா என்பது விளையாட்டான கேள்வியன்று. ஆங்கிலத்தில் வெளிக்காரணத்தால் நேரும் காயத்துக்கு ஒரு சொல்லும் உடலிலேயே தோன்றும் ஆறாப்புண்ணுக்கு வேறு சொல்லும் உண்டு. தமிழில் ‘காயம்’ முதல் வகைக்கு நெருக்கமானது. ‘புண்’ இரண்டையும் தழுவுவது. சுசுருதம் ‘விரண’த்தை உடலில் தோன்றுவது, வெளியிலிருந்து வருவது என இரண்டாகப் பிரித்தாலும் பொதுச்சொல் ஒன்றே. குழாய்போல ஓடும் புண்ணுக்கு அது தரும் பெயர் ‘நாடீ விரணம்’. நாடி என்றால் குழல். தமிழில் புரை என்பதும் உட்டுளையையே குறிக்கும். நாம் சொல்வது ‘புரையோடிய புண்’. இலத்தீனில் ஃபிஸ்டுலா என்பதற்கும் குழல் என்றே பொருள். மூன்று மொழிகளும் ஒரே உருவகத்தை எட்டியுள்ளன. ஆனால் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தொடரின் தலைச்சொல்லாகப் புண்ணும் விரணமும் நிற்கின்றன, குழல் அடைமொழியே. இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் குழல் தனித்து நின்றுவிட்டது. அதனால்தான் அதைப் புண்ணிலிருந்து பிரித்தெடுப்பது எளிதாயிற்று. இத்தனைக்கும் செல்சஸே ஃபிஸ்டுலாவை ஆழமான, குறுகிய, தடிப்பேறிய புண் என்றுதான் வரையறுத்தார்.

நீதிபதிகள் தவறிழைத்தார்கள் என்பது இதன் பொருளாகாது. காப்புரிமைச் சட்டம் ஆவணத்தின் சொற்களை ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டே அளக்கும். சிக்கல் என்னவெனில், இம்முறையின் வரலாறாக இன்று புழங்குவதில் பெரும்பகுதி அந்த வழக்காடலுக்காகத் திரட்டப்பட்டது. ஒரு தரப்புக்கு மூதாதையர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நன்று. மறுதரப்புக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. ரோமானியக் கிண்ணத்தில் தொடங்கி நேர்கோட்டில் வரும் வம்சாவளியைப் படிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வழக்காடல் நடந்த காலத்தில் பயன் பற்றிய சான்று மெலிந்தே இருந்தது. 2005இல் ஆம்ஸ்ட்ராங், லேவரி ஆகியோர், நீரிழிவால் பாதத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்ட 162 பேரில் நடத்திய ஆய்வில் வெற்றிடக் கட்டுப் பெற்றோரில் 56 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. அந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது கே.சி.ஐ. 2018இல் பிரிட்டன் அரசு நிதியில் 460 பேரிடம் நடந்த ஆய்வோ, காலெலும்பு முறிந்து திறந்த காயங்களில் வெற்றிடக் கட்டுக்கும் சாதாரணக் கட்டுக்கும் ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆழ்ந்த தொற்று ஒரு பிரிவில் 7.1, மறு பிரிவில் 8.1 விழுக்காடு. புண்ணின் வகை வேறு, ஆகவே ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. ஆயினும் எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து என்ற விளம்பரத் தொனி அதன்பின் தணிந்தது.

சொற்குழப்பத்தின் விளைவு 2009இல் கேப் டவுன் ஆய்வாளர்களின் அளவீட்டில் வெளிப்பட்டது. ‘எதிர்மறை அழுத்தம்’ என்ற பெயரைக் கேட்போர், கட்டின் கீழுள்ள சதையிலும் அழுத்தம் குறையும் என்றே கருதுவர். கைரினோசும் உடனாய்வாளர்களும் சதைக்குள்ளேயே அளந்தபோது அழுத்தம் கூடியிருந்தது. குருதியோட்டம் ஏற்கெனவே குன்றிய காலில் சுற்றிலும் கட்டினால் தீங்கு நேரலாம் என்பது அதிலிருந்து கிடைத்த எச்சரிக்கை. அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பும் 2009இலும் 2011இலும் இம்முறை பற்றி எச்சரித்தது. 2007 முதல் அதனிடம் பதிவான இறப்புகள் 12, பிற தீங்குகள் 174. மிகக் கடுமையானது குருதிக்கசிவு. இரத்தக் குழாய் வெளித்தெரியும் இடத்தில் பஞ்சை வைத்தலாகாது.

இந்தியாவில் வரலாறு வேறு பாதையில் சென்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களால் ஆக்கிய வெற்றிடக் கட்டை 48 நோயாளிகளிடம் சமவாய்ப்பு முறையில் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. நீரிழிவுப் பாதப் புண், படுக்கைப் புண், தசையுறை அழுகல் முதலியவை அதில் இடம்பெற்றன. ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் காஸ் துணிக் கட்டைவிடத் தெளிவான முந்துதல் இல்லை. படுக்கைப் புண்களில் மட்டும் சராசரி 27 நாட்கள் 10ஆகக் குறைந்தன. சிறிய எண்ணிக்கைதான். எனினும் விலை மிகுந்த இறக்குமதிக் கருவியை நன்கொடையாகப் பெற்றுப் புகழாமல், கையால் செய்த கருவியை உரிய கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டு, பலன் கிட்டாத இடங்களையும் மறைக்காமல் எழுதியது அது. இந்தத் துறையில் அத்தகைய நேர்மை மலிந்து கிடப்பதன்று.

அக்காலம் தொட்டு மாவட்ட மருத்துவமனை வரை கைவினைக் கட்டுகள் பரவின. நுண்ணுயிர் நீக்கிய பஞ்சு, ரைல்ஸ் டியூப், ஒட்டுப்படலம், சுவர்க் குழாய் ஆகியவை போதும். மூலக் காப்புரிமையும் 2014இல் காலாவதியாகி, கருவிகளுக்கும் போட்டி வந்தது. சுவர்க் குழாயில் இரண்டு குறைகள் உண்டு. அழுத்தம் நிலையாக நில்லாது, கூடினாலும் குறைந்தாலும் எச்சரிக்கும் மணி இல்லை. நோயாளி படுக்கையோடு பிணைக்கப்பட்டு எழுந்து நடக்க இயலாதவராகிறார். இவற்றைவிட அன்றாடத் தொல்லை காற்றுக் கசிவே. காற்று ஓரிடத்தில் புகுந்தால் எந்த விலைக் கருவியும் வீணாக ஓடும். மூடிய புண்ணுக்குள் நீர் தேங்கித் தொற்று முற்றும்.

கசிவு மிகுதியாக நேர்வது கால்விரல் இடுக்குகளிலும், மலவாய்க்கு அருகே கீழ்முதுகுப் படுக்கைப் புண்களிலும். வியர்வையும் மடிப்பும் கழிவும் சேரும் அவ்விடங்களில் படலம் பிடிப்பதில்லை. அங்கே செவிலியர் கையாள்வது குடல்வாய்ப் பை ஒட்டுவதற்கென உண்டாக்கிய பசை. பள்ளங்களை அதனால் நிரப்பிச் சமன்செய்த பின்னரே படலத்தை விரிக்கின்றனர். ஜீட்டரின் துறையிலிருந்து வந்த பொருள் அது.